பளபளத்த பெயின்ட்... உள்ளே துரு: அப்பாவின் ஜீப் கற்றுக்கொடுத்த பாடம்!

ராமேஸ்வரத்தில் அந்த வீட்டு வாசலில் நிற்கும் பழைய மஹிந்திரா ஜீப்புக்கு, ஆயுதபூஜை வந்தால் பொரி கடலைக்கு முன்பே ஒரு டப்பா கறுப்பு பெயின்ட் வந்துவிடும். முன் பம்பர், பின் பம்பர், இரண்டு பக்கமும் ஏறி இறங்குகிற இரும்புப் படி என எல்லாவற்றுக்கும் அப்பா தன் கையாலேயே ஒரு கோட் அடிப்பார். காய்ந்ததும் சந்தனம், குங்குமம், மாலை. ''புதுப்பொண்ணு மாதிரி இருக்கா பாரு!'' என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

அப்பா இறந்த பிறகு, இரண்டு வருடங்களாக அந்த வேலையை மகன் செய்தார். அதே கடை, அதே கறுப்பு, அதே பிரஷ்.

தை மாதத்தில் ஒரு காலை, உச்சிப்புளியில் உறவினர் வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பினார்கள். அம்மா இடது பக்கப் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து உடம்பை மேலே தூக்கினார். படி அப்பளமாக நொறுங்கியது. கால் உள்ளே இறங்க, உடைந்த தகட்டின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே ஆழமாகக் கிழித்தது.

மருத்துவமனையில் ஏழு தையல். டி.டி ஊசி போட்டார்கள். ''துருப்பிடிச்ச இரும்புன்னாலே பயம்தான்'' என்று அம்மா சொல்ல, அங்கிருந்த நர்ஸ் விளக்கினார். ரணஜன்னி துருவினால் வருவதில்லை. மண்ணிலும் தூசியிலும் இருக்கும் கிருமியால் வருவது. ஆழமான காயம், அதில் மண் என்றால் எந்தப் பொருள் கிழித்தாலும் ஊசி பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மகன் காதில் எதுவும் விழவில்லை. அவர் மனம் முந்தைய ஆயுதபூஜையில் நின்றது. அன்று அந்தப் படியில் ஒரு ரூபாய் அளவுக்கு பெயின்ட் உப்பியிருந்தது. பிரஷ்ஷால் அழுத்தியபோது 'நொறுக்' என்றது. பழுப்புத் தண்ணீர் கசிந்தது. துணியால் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் இரண்டு கோட் அடித்தார். யாரிடமும் சொல்லவில்லை.

உப்பு குடித்த இரும்பு

அந்த ஜீப் குடித்த உப்பு கொஞ்சநஞ்சமல்ல. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறக்கும் முன், தனுஷ்கோடிக்கு மணலிலும் தேங்கிய கடல்நீரிலும்தான் வண்டி போக வேண்டும். ஊருக்கு வரும் உறவினர்களை எல்லாம் அப்பா அந்த ஜீப்பில்தான் அழைத்துப்போவார். திரும்பி வந்ததும் மேலே கழுவுவார். கீழே யார் குனிந்து பார்த்தது?

இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு வரும். அந்த ஈரத்தில் உப்பு கரைந்திருந்தால் வேகம் கூடும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும் என்பதால், அது வளர வளர மேலே இருக்கும் பெயின்ட்டைத் தூக்கும். அந்தக் கொப்புளத்தின் மீது அடிக்கும் புது பெயின்ட், உள்ளே இருக்கும் உப்பையும் ஈரத்தையும் மூடிவைக்கும் மூடிதான்.

காயம் ஆறத் தொடங்கியதும், ஜீப்பை பாம்பனில் உள்ள ஒரு பட்டறைக்கு மெதுவாக ஓட்டிப்போனார். பெயின்ட்டர் அண்ணன் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ''தம்பி, பெயின்ட் அடிக்கிறது கடைசி வேலை. முதல்ல எல்லாத்தையும் கழட்டு'' என்றார். கூடவே இருந்து வேலை செய்கிறேன் என்றார் மகன்.

போல்ட்டுகள் அசையவில்லை. துருவைத் தளர்த்தும் ஆயில் அடித்து ஒரு ராத்திரி ஊறவைத்தும் நான்கு போல்ட்டுகளை கிரைண்டரால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. கழற்றிய பம்பரில் இருந்து உள்ளங்கை அளவு பெயின்ட் பெயர்ந்து விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தார். அடுக்கு அடுக்காக கறுப்பு. அடுக்குகளுக்கு நடுவே ஆங்காங்கே பழுப்புக் கோடுகள். 'ஒரு வருஷமாவது சுரண்டிட்டு அடிச்சிருக்கக் கூடாதாப்பா?' என்று கோபம் வந்தது. மேலே இருந்த கடைசி இரண்டு அடுக்குகளும் தன்னுடையவை என்பது சட்டென்று உறைத்தது. ஒன்றும் பேசாமல் கண்ணாடியையும் மாஸ்க்கையும் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

எதைக் காப்பாற்றலாம், எதை விட வேண்டும்?

பெயின்ட்டர் அண்ணன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பம்பரில் பல இடங்களில் தட்டினார், அழுத்தினார். 'டங்' என்று கனமான சத்தம். கனத்த இரும்பு, துரு மேலோட்டம்தான். வலது பக்கப் படி பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அதில் ஸ்க்ரூடிரைவர் மூன்று இடங்களில் உள்ளே போனது. படியைத் தாங்கும் சதுரக் குழாய்க்குள் இருந்து ஈர மணல் கொட்டியது.

''பம்பரைக் காப்பாத்தலாம். படி ரெண்டும் காயலான் கடைக்கு. ஆள் ஏறுற இடத்துல பட்டி வெச்சு ஒப்பேத்தக் கூடாது'' என்றார்.

பம்பருக்கு முன்னால் அப்பா ஆசையாகப் போட்ட குழாய் கார்டையும் மாட்ட வேண்டாம் என்று முடிவானது. இப்படித் தனியாகப் பொருத்தும் கிராஷ் கார்டுகள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. ரோட்டில் நடப்பவர்மீது மோதினால் காயம் மோசமாகும் என்பது முக்கியமான காரணம்.

பம்பர் வேலை ஐந்து நாள் பிடித்தது. உதிரும் துருவைச் சுரண்டி, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, வெள்ளி மாதிரி பளபளக்கவைத்தார் மகன். இருட்டிவிட்டதால் 'காலையில பிரைமர் அடிக்கலாம்' என்று விட்டுப்போனார். காலையில் பம்பர் முழுக்க மெல்லிய பழுப்பு படர்ந்திருந்தது. கடல் காற்றுக்கு ஒரு ராத்திரி போதும். ''தேய்ச்ச அன்னைக்கே மூடணும் தம்பி'' என்று பெயின்ட்டர் அண்ணன் சிரித்தார்.

மறுபடி தேய்த்தார். நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுத்து, காயவைத்து, குழிகளில் மிச்சமிருந்த துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவினார். இது மெல்லிய துருவை இரும்போடு ஒட்டிய கெட்டியான படலமாக மாற்றும். உதிர்கிற துருவின்மீது தடவினால் பயனில்லை. டப்பாவில் போட்டிருந்த நேரம் வரை விட்டு, துடைத்து, உலரவைத்து, தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்ததும் அன்றே எபாக்ஸி பிரைமர். அதன்மேல்தான் கறுப்பு. பம்பரின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்குச் செய்த அத்தனையும் செய்தார்கள்.

புதுப் படிகளை வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினார்கள். குழாயின் இரண்டு முனைகளையும் மூடி, தண்ணீர் தேங்காமல் வடிய அடியில் துளைகள் போட்டு, உள்ளே துருவைத் தடுக்கும் வேக்ஸ் அடித்தார்கள். மாட்டும் முன் மகன் தானே படியில் ஏறிக் குதித்துப் பார்த்தார். ஒரு முறையல்ல, பத்து முறை.

அம்மா சொன்னது

தையல் பிரித்த அன்று, அம்மாவின் காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே சொல்லிவிட்டார். ''பூஜைக்கு பெயின்ட் அடிக்கும்போதே படி உளுத்திருந்ததைப் பார்த்தேன்மா. மேலாக்க ரெண்டு கோட் அடிச்சு விட்டுட்டேன்.''

அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ''எனக்கும் தெரியும்டா. ஏறும்போதெல்லாம் கால்ல அமுங்கும். சொன்னா, பழைய வண்டின்னு நீ வித்துருவியோன்னு சொல்லாம இருந்துட்டேன்'' என்றார்.

அப்பாவின் வண்டி கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்று அம்மா மறைத்தார். செலவும் அலைச்சலும் வேண்டாம் என்று மகன் மறைத்தார். இருவரும் பயந்துகொண்டே அதே படியில் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

''விக்க மாட்டேன்மா. ஆனா, எதுவா இருந்தாலும் இனிமே சொல்லிரு'' என்றார் மகன். ''நீயும்தான்'' என்றார் அம்மா.

அடுத்த ஆயுதபூஜைக்கு பெயின்ட் டப்பா வரவில்லை. அதற்கு முந்தைய நாள் மகன் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி ஜீப்பின் அடிப்பக்கத்தை அலசினார். பிறகு, ஒரு சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். பின் பம்பரின் ஓரத்தில் கல் பட்டு நகக்கண் அளவுக்கு பெயின்ட் பெயர்ந்திருந்தது. சுரண்டி, தேய்த்து, பிரைமர் வைத்து, கறுப்பு தொட்டார். அரை மணி நேர வேலை.

பூஜையன்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். படிக்குப் பொட்டு வைக்கக் குனிந்தவர், நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

''கீழ பாத்தியா?''

''பாத்துட்டேன்மா.''

அம்மா பொட்டு வைத்தார். பிறகு, தழும்பு இருந்த காலையே முதலில் படியில் வைத்து ஏறி உட்கார்ந்தார்.