மணி அடிக்குது... நம்பர் எங்கே?

"கையில செல்போனை வெச்சுக்கிட்டு லேண்ட்லைனைப் பத்தி எழுத வந்துட்டான்யா!" என்று நண்பர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ஓட்டல், ஆஸ்பத்திரி, ஆலை, அலுவலகம் என்று எங்கே போனாலும் மேஜை மேல் இன்னும் ஒரு போன் இருக்கத்தான் செய்கிறது. வாசல் வரை ஃபைபர் வந்துவிட்டாலும், சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து அந்தப் போன் வரை பல இடங்களில் ஓடுவது பழைய இரண்டு செம்புக் கம்பிதான். நமக்கு இரண்டு மார்க் கேள்வியாகத் தெரிகிற லைன், வெளியே போனால் சில நேரம் உயிர் சம்பந்தப்பட்ட சங்கதி ஆகிவிடுகிறது. இன்பிளான்ட் டிரெய்னிங்கில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு சிறிய நர்ஸிங் ஹோம். இரவு நேர அவசர அழைப்புகளுக்காக வார்டு மேஜையில் ஒரு போன். இ.பி.ஏ.பி.எக்ஸ். வழியாகப் போகாத நேர் லைன். கூப்பிடுபவரின் நம்பரைக் காட்டும் திரையும் உண்டு. "நம்பர் வரவில்லை" என்று புகார். ஏற்கெனவே இரண்டு முறை ஆள் வந்து பார்த்து, "லைன் ஓ.கே." என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாம் முறை எனக்கு வேலை கற்றுக்கொடுத்த டெக்னீஷியன் அண்ணனோடு நானும் போனேன்.

காலை எட்டு மணி. என் செல்போனிலிருந்து கூப்பிட்டேன். மணி அடித்தது, நம்பர் பளிச்சென்று வந்தது, பேச்சும் தெளிவு. அப்போது நைட் டியூட்டி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா நின்றார்.

"பகல்ல வரும் தம்பி. ராத்திரிதான் வராது. இதைத்தான் ரெண்டு தடவையும் சொன்னேன், யாரும் காதுல வாங்கலை. முந்தாநாள் ராத்திரி ஒரு பையன், அப்பாவுக்கு மூச்சு விட முடியலைன்னான். ஊர் பேரைச் சொல்றதுக்குள்ள கட் ஆயிடுச்சு. திரையில ஒண்ணுமே இல்லை. நான் எங்கேன்னு ஆம்புலன்ஸ் அனுப்புவேன்?"

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பையன் வேறொரு போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறான். நல்லவேளை! கூப்பிடாமல் இருந்திருந்தால்?

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "கம்பிக்குப் பகல், ராத்திரி தெரியாது தம்பி. அப்போ பகலுக்கும் ராத்திரிக்கும் இந்த லைன்ல என்ன வித்தியாசம்? யோசிச்சுச் சொல்லு."

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். ரிசீவர் கீழே இருக்கும்போது எக்ஸ்சேஞ்ச் லைனில் சுமார் 48 வோல்ட் டி.சி. நிற்கிறது, ஆனால் கரண்ட் ஓடுவதில்லை. மணி அடிக்க வருவது சுமார் 75 வோல்ட் ஏ.சி., 25 சைக்கிள். ரிசீவரை எடுத்தால்தான் லூப் மூடி, சுமார் 20 மில்லி ஆம்பியரோ அதற்கு மேலோ ஓடும். நம்பர் வருவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று எஃப்.எஸ்.கே. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே, விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் டேட்டா வரும். மற்றது டி.டி.எம்.எஃப். மணி அடிப்பதற்கு முன்பே, நாம் பட்டனை அழுத்தும்போது கேட்கிற அதே இரட்டை ஒலிகளாக இலக்கங்கள் வரும். எந்த வழியானாலும் ரிசீவர் கீழே இருக்கும்போதுதான் வர வேண்டும். 75 வோல்ட்டுக்கு முன்னால் அந்த ஒலி வெறும் கிசுகிசுப்பு.

அந்த லைன் டி.டி.எம்.எஃப். வகை. பகலில் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். கம்பியில் அடிக்கடி கரண்ட் ஓடும். இரவில் மணிக்கணக்கில் ஓய்வு. "அண்ணே, ஜாயிண்ட்டா?" என்றேன். "டெஸ்ட் பண்ணாம சொல்லாதே" என்றார்.

இரண்டு மணி நேரம் அந்த லைனை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து கூப்பிட்டால் மணி அடித்தது, நம்பர் இல்லை! எடுத்து ஒரு நிமிஷம் பேசி வைத்துவிட்டு உடனே மறுபடி கூப்பிட்டால் நம்பர் வந்தது! அடுத்து வார்டு கம்பியைக் கழற்றிவிட்டு, ஃபைபர் பெட்டியிலேயே வேறொரு போனை மாட்டி, அதே அளவு ஓய்வு கொடுத்துப் பார்த்தோம். நம்பர் வந்தது. ஆக, கோளாறு பெட்டியிலும் இல்லை, கம்பெனியிலும் இல்லை. நடுவில் ஓடும் கம்பியில்தான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன பெட்டி. உள்ளே வெறும் கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, ஈரத்தில் பச்சை பூத்துப் போயிருந்தது. அந்தப் பச்சையை 75 வோல்ட் மணி தாண்டிவிடும். ரிசீவரை எடுத்தால் ஓடும் கரண்ட்டும் தனக்கு வழி செய்துகொள்ளும். கிசுகிசுப்புதான் தாண்டாது. பேசி முடித்த சூட்டில் கொஞ்ச நேரம் சரியாக இருக்கும், பிறகு பழைய கதைதான்.

இணைப்பை வெட்டி எறிந்துவிட்டு, ஜெல்லி நிரப்பிய கனெக்டர் போட்டார் அண்ணன். அப்போதும் அவர் "ஓ.கே." என்று எழுதவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து கூப்பிட்டு, நர்ஸ் அக்கா தன் நம்பரைப் படித்துக் காட்டிய பிறகு, மறுநாள்தான் புகார்ப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்.

நண்பர்களே, நம்பர் வராததற்கு வேறு காரணங்களும் உண்டு. அந்த வசதி லைனில் தரப்பட்டிருக்கிறதா? போனில் பேட்டரி இருக்கிறதா? லைன் ஒரு முறையிலும் போன் வேறு முறையிலும் இருக்கிறதா? எஃப்.எஸ்.கே. லைனில் இ.பி.ஏ.பி.எக்ஸ். முதல் மணியிலேயே எடுத்து டேட்டாவை வெட்டிவிடுகிறதா? இதையெல்லாம் வரிசையாகப் பார்க்க வேண்டும். லைனை நடுவில் பிரித்து, எந்தப் பாதியில் கோளாறு என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அதற்கும் முன்னால் ஒன்று. அந்த அக்கா டிப்ளமோ படித்தவரில்லை. ஆனால் கோளாறில் பாதியை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். "ராத்திரிதான் வராது" என்ற வார்த்தையைக் காதில் வாங்கியிருந்தால் முதல் தடவையே வேலை முடிந்திருக்கும். நாளைக்கு நாமும் டூல் பையோடு போய் நிற்கப் போகிறவர்கள். மீட்டரை எடுப்பதற்கு முன்னால், புகார் சொல்கிறவரை முழுசாகப் பேச விடுவோம். கோளாறு எந்த நேரத்தில் வருகிறதோ, அந்த நேரத்தில் டெஸ்ட் பண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்!

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை