அட்டையில் கட்டிய ஊர்!

உங்க காலேஜ் லைப்ரரியில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற அட்டெண்டர் முகம் ஞாபகம் இருக்கா? பலருக்கு இருக்காது. கார்டை நீட்டுவோம், புத்தகத்தை வாங்குவோம், ஃபைன் விழுந்திருந்தால் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவோம். உறவு அவ்வளவுதான்.

இந்த வாரம் நாம் போகப் போகிற ஊரில், இருநூறு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு லைப்ரரி அட்டெண்டர் இருந்தார். பகலில் லைப்ரரி வேலை. மிச்ச நேரத்தில்..? ஊரையே கட்டினார். அதுவும் காகித அட்டையில்!

ஊர், பிராக். செக் நாட்டின் தலைநகரம். ஆள், அன்டோனின் லாங்வைல். பெயரிலேயே ஒரு காமெடி இருக்கு. ஜெர்மன் மொழியில் 'லாங்வைலிக்' என்றால் 'செம போர்' என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் மனுஷன் ஒரே வேலையை 11 வருஷம் செய்திருக்கிறார். நமக்கோ ஒரு ரெக்கார்ட் நோட்டில் பத்துப் படம் வரைவதற்குள் கொட்டாவி வந்துவிடுகிறது!

ஒரு கண்காட்சி, ஒரு பொறி

லாங்வைல் 1791-ல் பிறந்தவர். பிராக் பக்கத்து ஆளும் இல்லை. பொஹீமியாவின் வடமேற்கில் இருக்கும் போஸ்டோலோபர்ட்டி என்ற சின்ன ஊர்க்காரர். படம் வரைவார், குட்டிக் குட்டி ஓவியங்கள் தீட்டுவார். கல்லில் வரைந்து அச்சடிக்கும் லித்தோகிராஃபி அப்போது புதுசு. அதில் ஒரு பட்டறை போட்டுப் பார்த்தார். தொழில் எடுபடவில்லை. குடும்பம் இருக்கிறதே! பிராக் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாளாகச் சேர்ந்தார். சொற்பச் சம்பளம்.

1826-ல் பிராக்கில் ஒரு கண்காட்சி. சிம்ஃபோரியன் காரோன் என்பவர் பிளாஸ்டரில் செய்த பாரிஸ் நகர மாடலைக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஊரே போய்ப் பார்த்தது, 'அடடா' என்றது, வீட்டுக்குப் போய்விட்டது. லாங்வைலும் பார்த்தார். ஆனால் அவர் மண்டைக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துவிட்டது. 'பாரிஸுக்கு ஒன்று இருக்கிறதென்றால், நம்ம பிராக்குக்கு ஏன் இருக்கக் கூடாது?'

யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. யாரும் பணம் தருகிறேன் என்று சொல்லவில்லை. அவரே ஆரம்பித்தார்.

கையில் ஒரு நல்ல ஆயுதம் இருந்தது. ஜோசப் யூட்னர் என்ற ராணுவ அதிகாரி சில வருஷங்களுக்கு முன்புதான் பிராக் நகரை ஒழுங்காக அளந்து ஒரு வரைபடம் போட்டிருந்தார். அதை அடித்தளமாக எடுத்துக்கொண்டார் லாங்வைல். ஆனால் மேப் என்ன சொல்லும்? வீடு எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று சொல்லும். உயரம்? கூரையின் சாய்வு? எத்தனை ஜன்னல்? சுவரில் என்ன கலர்? கொல்லைப்புறத்தில் என்ன கிடக்கிறது? இதெல்லாம் மேப்பில் கிடையாது பாஸ். காலால் நடந்து, கண்ணால் பார்த்து, கையால் வரைந்துகொண்டு வர வேண்டும். தெருத் தெருவாக, முற்றம் முற்றமாக நடந்தார்.

கொஞ்சம் கணக்கு போடுவோமா?

மாடலின் அளவு 1:480. அதாவது நிஜத்தில் 480 சென்டிமீட்டர் இருப்பது மாடலில் ஒரே ஒரு சென்டிமீட்டர். கையில் ஒரு ஸ்கேல் எடுத்துக்கோங்க. ஏழு மீட்டர் உயர மாடி வீடு உங்கள் ஸ்கேலில் ஒன்றரை சென்டிமீட்டர். ஒன்றேகால் மீட்டர் ஜன்னல் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் ஒரு பொட்டு. நீங்கள், நல்ல வளர்த்தி என்றால்கூட, நாலு மில்லிமீட்டரைத் தாண்ட மாட்டீர்கள்!

இந்த அளவில் சுவரை அட்டையில் வெட்டி, மடித்து, ஒட்டி, மசிப் பேனாவால் ஜன்னல் வரைந்து, வாட்டர் கலர் அடித்திருக்கிறார். வீட்டு நம்பர் போட்டிருக்கிறார். அந்தக் காலத்து பிராக் வீடுகளுக்கு வாசலில் சின்னங்கள் உண்டு. அதையும் விடவில்லை. முற்றத்தில் அடுக்கின விறகு இருக்கும். சாய்த்து வைத்த ஏணி இருக்கும். பெயர்ந்த காரை இருக்கும். ஒரு வீட்டில் ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தால்... மாடலிலும் உடைந்த கண்ணாடிதான்!

இப்படி 2000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். மொத்தப் பரப்பு சுமார் 200 சதுர அடி. மூணு பேர் நெருக்கி உட்கார்கிற ஒரு ஹாஸ்டல் ரூம் என்று வைத்துக்கோங்களேன். 11 வருஷம் என்றால் ஏறக்குறைய நாலாயிரம் நாள். சராசரி போட்டால் இரண்டு நாளைக்கு ஒரு கட்டடம். பகல் வேலை போக, மிச்ச நேரத்தில். லீவு நாள், காய்ச்சல், குடும்பத்துப் பிரச்னை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

வாங்க, நடக்கலாம்

பிராக் போகிறவர்கள் பெரும்பாலும் போட்டோ எடுக்கிற அதே நாலு இடங்களைத்தான் நாமும் சுற்றப் போகிறோம். ஆனால் நம்ம கையில் ஒரு எக்ஸ்ட்ரா கண்ணாடி இருக்கு... லாங்வைலின் மாடல்.

முதல் ஸ்டாப், கிளெமென்டினம். இதுதான் லாங்வைல் வேலை பார்த்த நூலகம் இருந்த வளாகம். இன்றைக்கு செக் நாட்டின் தேசிய நூலகம் இருக்கும் இடம். நடுவில் ஒரு வானியல் கோபுரம். 1775-லிருந்து இங்கே நாள் தவறாமல் வெப்பநிலை குறிக்கிறார்கள். லாங்வைல் அட்டை வெட்டிக்கொண்டிருந்த நாட்களிலும் குறித்தார்கள். பொறுமைக்கு அந்த வளாகத்தில் ஏதோ தண்ணீர் ராசி போல!

அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் சார்ல்ஸ் பாலம். 1357-ல் கட்ட ஆரம்பித்தது. நீளம் 516 மீட்டர். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கூட்டத்தில் நசுங்கி நடந்து முடிக்க பத்து நிமிஷமாவது ஆகும். லாங்வைல் கணக்கில் இது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கையை நீட்டினால் தாண்டிவிடலாம்.

பாலத்தில் நின்று மேலே பாருங்கள். பிராக் கோட்டை. அதன் நடுவே ஊசி ஊசியாக நிற்கிறதே, அது புனித விட்டுஸ் பேராலயம். 1344-ல் தொடங்கி 1929-ல்தான் முடித்தார்கள். (உங்க அரியர் எவ்வளவோ தேவலை!) ஆக, லாங்வைல் பார்த்தது பாதிக் கோயிலைத்தான். இன்றைக்கு எல்லோரும் போட்டோ எடுக்கிற முகப்பும் அந்த இரட்டைக் கோபுரமும் அவர் மாடலில் கிடையாது. 'எப்படியும் ஒரு நாள் கட்டத்தானே போறாங்க' என்று கற்பனையில் அவர் முடித்து வைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் இல்லாதது, மாடலிலும் இல்லை.

திரும்பி வந்து பழைய நகரச் சதுக்கத்தில் நில்லுங்கள். அங்கே ஒரு மரியன்னை தூண் இருக்கும். 1650-ல் நட்டது, 1918-ல் ஒரு கூட்டம் இழுத்துத் தள்ளியது. இப்போது நிற்பது 2020-ல் வைத்த நகல். ஒரே சதுக்கத்தில் ஒரு தூண் இருந்தது, இல்லாமல் போனது, மறுபடி வந்தது. நிஜ ஊர் இப்படித்தான். மாறிக்கொண்டே இருக்கும். அசையாமல் நிற்பது அட்டை ஊர் மட்டும்தான்.

காணாமல் போன தெருக்கள்

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சதுக்கத்திலிருந்து வடக்கே, ஆற்றைப் பார்க்க ஒரு அகலமான, அழகான சாலை போகும். இரண்டு பக்கமும் மரங்கள், காஸ்ட்லியான கடைகள், அலங்காரமான பெரிய கட்டடங்கள். பேர், பாரிஸ் சாலை.

லாங்வைல் காலத்தில் இந்தச் சாலை கிடையாது. இது யூதர்கள் தலைமுறை தலைமுறையாக நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. பிற்பாடு யோசெஃபோவ் என்று பேர் வைத்தார்கள். வளைந்து நெளிந்த சந்துகள், ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் வீடுகள், வெளிச்சம் புகாத முற்றங்கள். 'சுகாதாரம் சரியில்லை, நகரத்தை நவீனமாக்குகிறோம்' என்று 1893-ல் ஒரு சட்டம் வந்தது. 1896-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். ஜெபக்கூடங்கள் சில, யூத நகர மண்டபம், பழைய கல்லறைத் தோட்டம்... இவை தப்பின. வீடுகளும் சந்துகளும் ஏறக்குறைய மொத்தமாகப் போயின. அங்கே வாழ்ந்த ஏழைகள் வேறு பக்கம் போக வேண்டியதாயிற்று.

இடித்தது இடித்ததுதான். ஆனால் அந்தச் சந்துகள் ஒரு இடத்தில் மட்டும் அப்படியே நிற்கின்றன. எங்கே என்று சொல்லவும் வேண்டுமா? அட்டையில்! எந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல், எந்தச் சுவரில் காரை பெயர்ந்திருந்தது என்பதுவரை. போட்டோ எடுக்கும் வசதி மக்கள் கைக்கு வராத காலத்து ஊர் அது. பாரிஸ் மாடலைப் பார்த்து ஆரம்பித்த மனுஷனின் வேலைதான், இன்று பாரிஸ் பேரைத் தாங்கும் சாலையைப் போட இடித்துத் தள்ளிய வீடுகளுக்கு இன்றைக்குச் சாட்சி சொல்கிறது. வரலாறு சில சமயம் சினிமாவை விட நன்றாகவே திரைக்கதை எழுதுகிறது.

கிறுக்கா, தவமா?

இவ்வளவும் செய்த லாங்வைலுக்கு என்ன கிடைத்தது? அவர் உயிரோடு இருந்தவரை, பெரிதாக ஒன்றும் இல்லை. 1837 ஜூனில் இறந்துபோனார். வயது 45. மாடல் முடியவில்லை. பழைய நகரம், யூதர் பகுதி, கோட்டைப் பக்கம், ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒரு பகுதி. அவ்வளவுதான் ஆகியிருந்தது. 'புது நகரம்' என்று பேர் வைத்துக்கொண்டு பதினாலாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிற பெரிய பகுதியை அவர் தொடவே இல்லை. மனைவியும் மகள்களும் கஷ்டத்தில் நின்றார்கள். அவர் போன பிறகுதான் பேரரசர் ஃபெர்டினாண்ட் அந்த மாடலை விலைக்கு வாங்கினார். அங்கே இங்கே சுற்றி, கடைசியில் அது பிராக் நகர அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

'பிடிச்சதைச் செய்யுங்க, உலகமே உங்களைத் தேடி வரும்' என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கைதட்டல் விழாது. லாங்வைலைத் தேடி உலகம் வந்தது. ஆனால் ரொம்ப லேட்டாக வந்தது. அந்த 11 வருஷத்தில் அந்த வீட்டுப் பெண்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்று எந்த மாடலிலும் எழுதியிருக்காது. ஆசையின் விலையை ஆசைப்பட்டவர் மட்டுமே கட்டுவதில்லை. இதையும் சேர்த்தே யோசிக்கணும்.

ஆனாலும் அவரிடம் திருடிக்கொள்ள வேண்டிய ஒரு டெக்னிக் இருக்கு. முதலில் ஊர் முழுக்க வெறும் டப்பா டப்பாவாக அடுக்கிவிட்டு, 'டீட்டெயில் அப்புறம் போட்டுக்கலாம்' என்று அவர் இருந்திருந்தால்? 1837-ல் கையில் இருந்திருப்பது 200 சதுர அடி வெறும் டப்பாக்கள். குப்பைக்குத்தான் போயிருக்கும். அவர் எடுத்த வீட்டை, வாசல் சின்னம் வரைக்கும் முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். அதனால்தான் பாதியில் நின்ற வேலை, பாதி வேலையாகத் தெரியவில்லை. கடைசி வாரத்தில் எல்லா சாப்டரையும் மேலோட்டமாகப் புரட்டுகிற நம்ம கூட்டத்துக்கு இது நல்ல பாடம்.

சரி, எப்படிப் பார்ப்பது?

பிராக் நகர அருங்காட்சியகம் ஃப்ளோரென்ஸ் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். மாடல் கண்ணாடிக்குள் இருக்கும். கிட்டத்தட்ட 200 வருஷப் பழைய காகிதம், வெளிச்சமே அதற்கு எதிரி. 2006-லிருந்து 2009 வரை அதை டிஜிட்டலாக மாற்றினார்கள். பல் குத்தும் குச்சி நுழையும் அளவுச் சந்துகளுக்குள் கேமராவை விட்டு, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். லாங்வைல் ஒருவர் பேனாவோடு செய்ததைப் பிரதி எடுக்கவே ஒரு பெரிய டீமுக்கு மூணு வருஷம்!

செக் நாட்டில் இந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. 1957-ல் தொடங்கிய 'ஏபிசி' என்ற சிறுவர் பத்திரிகையில் வெட்டி ஒட்டுகிற காகித மாடல்கள் ரொம்பப் பிரபலம். ரிச்சர்ட் விஷ்கோவ்ஸ்கி என்ற ஆர்க்கிடெக்ட் அதில் செக் கோட்டைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொரு இதழாகச் சேர்த்து வைத்து, வெட்டி, ஒட்டி, கோட்டை கட்டினார்கள்.

விமான டிக்கெட் இப்போதைக்கு நடக்காது என்கிறீர்களா? ஒரு சார்ட் அட்டை, கத்தரி, பசை, ஸ்கேல். 1:480 வேண்டாம், கண் போய்விடும். 1:100-ல் ஆரம்பியுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர், கணக்கு சுலபம். உங்க தெருவில் ஒரே ஒரு வீடு. முக்கியமாக, அடுத்த மாசம் இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அந்தப் பழைய வீடு. எத்தனை ஜன்னல், திண்ணை எவ்வளவு உயரம், வாசல்படி எத்தனை, எந்த ஓடு உடைந்திருக்கு... போய் எண்ணிக்கிட்டு வாங்க. ஒன்று மட்டும் மறக்காதீங்க. ஓடு உடைந்திருந்தால், உடைந்த மாதிரியே செய்யுங்க!