கோட்டைக்குள் ஒரு கச்சேரி

ஜோத்பூருக்கு நான் போனது ஆடிட் வேலைக்கு. மூன்று நாள் வேலை, இரண்டே நாளில் முடிந்துவிட்டது. (ஹெட் ஆபீஸில் இதைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லித் தொலைக்காதீர்கள்!) மிச்சமிருந்த ஒரு நாளுக்கு மெஹ்ரான்கர் கோட்டை.

ஊரில் எந்தச் சந்தில் நின்று நிமிர்ந்தாலும் அதுதான் தெரிகிறது. 400 அடி உயரப் பாறை. அந்தப் பாறையே வளர்ந்து சுவரான மாதிரி மேலே கோட்டை. 1459-ல் ராவ் ஜோதா ஆரம்பித்தது. கீழே, நீலம் பூசிய வீடுகள். மேலே போக லிஃப்ட் இருக்கிறது. நான் வீறாப்பாக நடந்தேன். பழைய ஜெய்ப்பூர்ப் படை சுட்ட பீரங்கிக் குண்டுகளின் தழும்பு ஒரு வாசல் சுவரில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கிற சாக்கில் மூச்சு வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் பல்லக்கும் வாளும் பார்க்க வருகிறார்கள். நான் போனது வேறு விஷயத்துக்கு. காலேஜில் கிடார் பிடித்தவர்களுக்கு 'ரேடியோஹெட்' என்ற இங்கிலாந்து ராக் குழு தெரிந்திருக்கும். 'கிரீப்' பாட்டில் பல்லவி வருவதற்கு முன்னால் 'கர்ரக்... கர்ரக்' என்று ஒரு கிடார் உறுமுமே, அந்த ஆசாமி ஜானி கிரீன்வுட். சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் நாமெல்லாம் சீட்டு நடத்துவோம், எல்.ஐ.சி. பாலிசி பிடிப்போம். இவர் 2015-ல் இந்தக் கோட்டைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்!

கூடவே ஷாய் பென் ட்ஸூர். இஸ்ரேல்காரர், நம் நாட்டு இசையில் மயங்கி இங்கேயே பல வருஷம் தங்கியவர். மெட்டும் பாட்டும் அவருடையது. ஹீப்ருவும் உருதுவும் ஒரே பந்தியில் சாப்பிடும். சுற்றிலும் ராஜஸ்தான் கலைஞர்கள்: கவ்வாலி பாடகர்கள், நகாரா, டோலக், கல்யாண ஊர்வலத்து பேண்டு மாதிரி டிரம்பெட் கோஷ்டி. ஸ்டுடியோவா? அரண்மனைக் கூடத்தில் விரிப்பைப் போட்டு வட்டமாக உட்கார்ந்ததுதான் ஸ்டுடியோ. டைரக்டர் பால் தாமஸ் ஆண்டர்சன் அதைப் படமாகவே எடுத்தார், 54 நிமிஷம். ரெகார்டிங் நடுவே புறா புகுந்துவிடும், கரண்ட் போய்விடும். நம்ம வீடு மாதிரியே இருந்ததால் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆல்பத்துக்குப் பெயர் 'ஜுனூன்'. பித்து என்று அர்த்தம். அட்டையில் ஷாய் பெயர் இருக்கிறது, ஜானி பெயர் இருக்கிறது. மற்ற அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பெயர்: 'ராஜஸ்தான் எக்ஸ்பிரஸ்'. ரயிலுக்குத்தான் இப்படிப் பெயர் வைப்பார்கள். படத்தில் அவர்கள் வாசிப்பதைப் பார்த்தபின் இது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

"ரெகார்டிங் நடந்த ரூம் எது?" என்று காவலாளியிடம் கேட்டேன். அவர் மொத்தக் கோட்டையையும் கையால் காட்டினார்.

வாசல் பக்கம் ஒரு பெரியவர் ராவணஹத்தா வாசித்துக்கொண்டிருந்தார். தேங்காய்ச் சிரட்டை, மேலே ஆட்டுத்தோல், குதிரை முடியில் தந்தி, வில்லில் சலங்கை. தூர்தர்ஷன் பார்த்துக் கற்ற என் இந்தியில் விசாரித்தேன்.

"தெரியும் சாப். அவங்க அமெரிக்கா வரைக்கும் போய் வாசிச்சுட்டு வந்தாங்க. மேலே பாட்டு நடந்தப்போ நான் இதோ, இந்தப் படியிலதான் உட்கார்ந்திருந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்கிற மாதிரி சொன்னார். 2018-ல் ரேடியோஹெட்டின் அமெரிக்கக் கச்சேரிகளுக்கு முன்னால் அந்தக் கோஷ்டி வாசித்தது நிஜம்தான்.

வில்லை என்னிடம் நீட்டினார். இழுத்தேன். பூனை வாலை மிதித்த சத்தம். பெரியவர் சிரிக்காமல், என் மணிக்கட்டைப் பிடித்துத் தளர்த்திவிட்டு, "இப்போ" என்றார். இரண்டாவது இழுப்பில் ஒரு ஸ்வரம் விழுந்தது. ஒன்றே ஒன்று. நூறு ரூபாய் கொடுத்தேன். மடித்துத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டார்.

ராத்திரி லாட்ஜிலிருந்து வீட்டுக்கு போன் போட்டேன்.

"பரண்ல என் பழைய கிடார் இருக்கா?"

"இருக்குங்க. அதுமேலதான் கொலு பொம்மைப் பெட்டியை வச்சிருக்கேன். ஏன்?"