சீட்டுப் பணமும் படம் அச்சிடும் யந்திரமும்

நாலாயிரம் ரூபாய் கொடுத்தால் வீட்டிலேயே புகைப்படம் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கடைக்காரர் சொன்னால் யாருக்குத்தான் ஆசை உண்டாகாது? பெட்டியின் மேல் ஒரு மயில் தோகை விரித்து நிற்கிறது. தோகையின் ஒவ்வொரு கண்ணும் பளபளவென்று மின்னுகிறது. ஆனால் நேயர்களே, பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "இதற்கு மை என்ன விலை?" கடைக்காரர் அப்போதுதான் முதல் தடவையாகத் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்.

இந்தச் சிறு யந்திரங்களில் மை அடைத்திருக்கும் கூட்டுக்குக் 'கார்ட்ரிட்ஜ்' என்று பெயர். துப்பாக்கித் தோட்டாவுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். பெயர் வைத்த மகானுபாவர் நம்முடைய மணிபர்ஸைக் குறி பார்த்தே வைத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பது சில மில்லி மை. கடிதம் அச்சிடுவோருக்கு அது பல நாள் வரும். புகைப்படமோ காகிதம் முழுவதையும் வர்ணத்தால் நிரப்புவது. ஒரு கல்யாண ஆல்பம் முடிவதற்குள் கூடு பல முறை காலியாகிவிடும். யந்திரத்தை மலிவாகக் கொடுத்து மையில் லாபம் எடுப்பது அந்த வியாபாரத்தின் ரகசியம். ரகசியம் என்பதுகூடத் தவறு, உலகமறிந்த விஷயம்.

எங்கள் கொருக்குப்பேட்டைத் தெருவில் புகைப்படம் ஆடம்பரப் பொருள் அல்ல. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அரிசியும் மெத்தையும் போனதைப் பற்றி ஜனங்கள் ஒரு வாரம் பேசினார்கள். படங்கள் போனதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். எதிர் வீட்டு அம்மாளின் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்துக் காலமானவர். மேசை மேல் சாய்த்து வைத்திருந்த அவருடைய படம் நீரில் ஊறிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டியதைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அந்த அம்மாளுக்கு அது தெரியாது, பிரித்துவிட்டார்.

பிறகு, திருவொற்றியூரில் இருக்கும் தங்கை மகனின் கைப்பேசியில், ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த படம் அகப்பட்டது. அந்த அம்மாள் என்னிடம் வந்து, "அண்ணே, பையன் போனிலே அவர் நல்லாத்தான் இருக்கார். போனுக்கு எப்படி மாலை போடறது? காகிதத்திலே எடுத்துக் கொடுங்க" என்றார்.

நியாயமான கேள்விதான். அச்சமயம் எனக்குச் சீட்டுப் பணம் ரூ. 18,000 வந்திருந்தது. பேரப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்காக ஒரு யந்திரம் வாங்கலாமா என்று ஏற்கெனவே யோசனை. "சீட்டுப் பணத்தை மையில் கரைக்கப் போகிறீர்களா?" என்று என் மனைவி கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்வதற்காகவாவது விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி, சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் கிடைக்காத மின்சாரச் சாமான் கிடையாது; நின்று யோசிக்க இடமும் கிடையாது.

அங்கே ஒரு கடைப் பையன், "சார், இது அங்குலத்துக்கு 5,760 புள்ளி" என்று ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினான். அந்த எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. படத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் கண்ணுக்குப் போதும். நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 1,200-க்கு 1,800, அதாவது ஏறக்குறைய 22 லட்சம் புள்ளிகள். இக்காலத்துக் கைப்பேசிகள் இதைப் போல் பல மடங்கு எடுக்கின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போதுதான் அது சுருங்கிவிடுகிறது. 'டாக்குமெண்ட்' என்று அனுப்பச் சொன்னால் முழுப் படமும் வந்து சேரும். இதற்குக் காலணா செலவில்லை.

எனக்குத் தேறியவை இரண்டு ஜாதி. முதலாவது, சாயத்தைச் சூட்டினால் ஆவியாக்கிக் காகிதத்தில் ஏற்றுவது. கேனன் கம்பெனியின் 'செல்ஃபி' அந்த வகை. (தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும் படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) காகிதம் நான்கு முறை உள்ளே போய் வரும்: மஞ்சள், செந்நிறம், நீலம், கடைசியில் ஒரு கண்ணாடிப் பூச்சு. அந்தப் பூச்சினால் ஈரக் கை பட்டாலும் படம் கெடாது. 108 காகிதமும் அதற்கு வேண்டிய நாடாவும் சேர்ந்தே வருவதால் ஒரு படத்துக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் உலர்ந்துபோக மை இல்லை. எப்போதாவது படம் எடுக்கும் குடும்பத்துக்கு இதுவே உத்தமம். ஆனால் தபால் கார்டு அளவுக்கு மேல் அதில் வராது. சுவரில் மாட்டி மாலை போட அது போதாது.

இரண்டாவது, மைத் தொட்டி வைத்த யந்திரம். 65, 70 மில்லி புட்டிகளில் மை வாங்கி நாமே ஊற்றிக்கொள்ளலாம். கார்ட்ரிட்ஜோடு ஒப்பிட்டால் படத்துக்கு ஆகும் மைச் செலவு மிகவும் குறைவு. இதில் நான்கு வர்ணமும் உண்டு, ஆறு வர்ணமும் உண்டு. ஆறில் கூடுதலாக வரும் வெளிர்நீலமும் வெளிர்சிவப்பும் எதற்கு என்றால், முகத்துக்குத்தான். கன்னத்தின் நிழல் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் இழைந்து வரும். நான் பார்த்த ஆறு வர்ண யந்திரம் நகல் எடுக்காது, விலையும் ரூ. 25,000-ஐ ஒட்டி இருந்தது.

இங்கே எங்கள் வீட்டு ஆல்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் 1960-களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் கணீரென்று இருக்கின்றன. மத்திய சர்க்கார் 1960-இல் உதகமண்டலத்தில் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, 'இந்து' என்ற பெயரில் நம் நாட்டுப் பிலிமைப் பிற்பாடு கொடுத்து வந்தது; இன்று அந்த ஆலை இல்லை. 1980-களின் வர்ணப் படங்களிலோ எல்லாரும் செம்மண்ணில் புரண்டு எழுந்தவர்கள் போல் இருக்கிறார்கள். நீலச் சாயம் முதலில் வெளுத்து, சிவப்பு மிஞ்சிவிட்டது. ஆகவே யந்திரம் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதைவிட, படம் எத்தனை வருஷம் நிற்கும் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. அது மையையும் காகிதத்தையும் பொறுத்தது. பெயர் தெரியாத மலிவு மையை ஊற்றினால் பள்ளிக்கூடக் கட்டுரைக்குப் பாதகமில்லை. சுவர்ப் படத்துக்கு உதவாது. வெயிலும், காற்றிலுள்ள ஓசோன் வாயுவும் சாய மையை வெளுக்கச் செய்யும். கண்ணாடி போட்டால் ஓரளவு தப்பும்.

தொட்டி யந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு: வேலை கொடுக்காமல் வைத்தால் மை நுண்துளைகளில் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்கப் பாதி மையைக் குடிக்கும். வாரத்துக்கு ஒரு வர்ணப் படமாவது போட வேண்டும். எங்கள் வீட்டில் அவ்வளவு படம் ஏது? இங்கேதான் தெரு கை கொடுத்தது. பக்கத்து வீட்டார் இருவர் மீதிப் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் தலைவர் படம், தாவரப் படம் என்று வாரம் தவறாமல் அச்சிடுவதால் அடைப்பு என்ற பேச்சே இல்லை. யார் எத்தனை போட்டார்கள் என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். என் மனைவிதான் கணக்கப்பிள்ளை. ஆதார் அட்டை நகலுக்கு மட்டும் இன்னும் கடைக்குத்தான் நடக்கிறோம்.

எதிர் வீட்டுக்காரர் படத்தை ஏ-4 அளவில், கம்பெனி மையிலும் கனமான பளபளப்புக் காகிதத்திலும் அச்சிட்டோம். ஒரு நாள் முழுதும் உலரவிட்ட பிறகே சட்டம் போட அனுமதித்தேன். ஈரத்தோடு அடைத்தால் கண்ணாடியில் பனி படர்ந்துவிடும். படமும் கண்ணாடியும் தொடாதபடி நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொன்னேன். வெள்ளம் வந்த அடையாளம் அந்தச் சுவரில் இன்னும் இருக்கிறது. அந்த அம்மாள் அதற்கு வெகு உயரத்தில் ஆணி அடிக்கச் சொல்லிவிட்டு, "இன்னொண்ணு போட்டுக் குடுங்க அண்ணே, தங்கச்சி வீட்டிலேயும் இருக்கட்டும்" என்றார். நோட்டுப் புத்தகத்தில் என் கணக்கில் இரண்டு படங்கள் எழுதியிருக்கின்றன.