வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆப்பிள் மரம்

அமெரிக்காவுல விளையுற ஆப்பிள்ல பாதிக்கு மேல வாஷிங்டன் மாநிலத்துலதான் விளையுது. அதுல வெனாட்சிங்கிற ஊர்ல எங்க ஜாகை. 2011ல சியாட்டில் பக்கத்துலேர்ந்து மலை தாண்டி இங்க வந்தப்போ, கொல்லையில நின்ன கிழட்டு ஆப்பிள் மரத்துக்காகவே இந்த வீட்டை வாங்கினோம். 30 அடி உயரம். பொண்ணுக்கு ஊஞ்சலும் கட்டியாச்சு.

"மருந்தே அடிக்காத சொந்த மரத்துப் பழமாக்கும்!"னு ஊருக்கெல்லாம் போன் போட்டு அலட்டல் வேற. வெட்டினா நடுவுல புழு நெளியும். "புழு இருந்தாத்தான் இயற்கை"ன்னு தங்கமணிகிட்ட சமாளிச்சுடுவேன். அழுகினதெல்லாம் மரத்தடியிலயே கிடக்கும்.

2013 ஆகஸ்ட்ல பக்கத்துத் தோட்டக்காரப் பெரியவர் ஒரு நோட்டோட வந்தார். எழுபது வயசிருக்கும். அதிர்ந்து பேசாத மனுஷன். நோட்டுல அவர் தோட்டத்துப் பொறிகள்ல வாராவாரம் விழுந்த பூச்சிக் கணக்கு. நடுத்தோட்டத்துல 0, 1, 0. என் வேலியோரப் பொறியில மட்டும் 11, 9, 14.

அவ்வ்வ்வ்...

வில்லன் பேரு காட்லிங் மாத். சாம்பல் நிறத்துல, அரை அங்குலம்கூட இல்லாத அந்துப்பூச்சி. முட்டையிலேர்ந்து வர்ற புழு காயைத் துளைச்சு நேரா விதைக்குப் போயிடும். உள்ள போயிட்டா மேல என்ன மருந்து அடிச்சாலும் அதைத் தொடாது. வளர்ந்ததும் வெளிய வந்து மரப்பட்டைக்கு அடியில கூடு கட்டிக்கும். கடைசித் தலைமுறை அந்தக் கூட்டுக்குள்ளயே குளிர்காலத்தையும் ஓட்டிடும்.

பெரியவர் தோட்டத்துல மரத்துக்கு மரம் சின்னச் சின்னக் குழாய் கட்டியிருப்பார். அதுலேர்ந்து பெட்டைப்பூச்சியோட வாசனை கசிஞ்சுகிட்டே இருக்கும். எங்க திரும்பினாலும் அதே வாசனைன்னா ஆண்பூச்சி பாவம் யாரைத் தேடும்? ஜோடி சேராட்டி முட்டை இல்லை. அருமையான ஏற்பாடு. ஆனா வெளியில ஜோடி சேர்ந்துட்டு, வயித்துல முட்டையோட பறந்து வர்ற பெட்டையை இது தடுக்காது. அந்தப் பிரசவக் கூட்டத்தைத்தான் நான் வருஷாவருஷம் வேலி தாண்டி அனுப்பிகிட்டு இருந்திருக்கேன் :-(

வீட்டுக்கு ஒரு மரம்னாலும் பூச்சியைக் கட்டுப்படுத்த வேண்டியது சொந்தக்காரன் பொறுப்புன்னு இந்த மாநிலத்துல சட்டமே இருக்கு. பெரியவர் அதைப் பத்தி வாயே திறக்கலை. "மரத்தை எடுத்துட்டா வேற நல்ல கன்று நானே தர்றேன்"னு மட்டும் சொன்னார். பொண்ணு ஊஞ்சல்ல உக்காந்து எங்களையே பாத்துகிட்டிருந்தா. ஒரு வருஷம் டயம் கேட்டேன்.

2014 வசந்தத்துல ஒரு இனக்கவர்ச்சிப் பொறி வாங்கி உச்சிக்கிளையில தொங்கவிட்டேன். முக்கோண அட்டைக்கூடு, அடியில பசைத்தாள், நடுவுல வாசனை ரப்பர். விருதுநகர் பக்கம் பருத்தி போட்ட அப்பாகிட்ட பெருமையா சொன்னா, மனுஷன் சிரிக்கிறார். "டேய், பொறி எண்ணுறதுக்குடா. அதுல விழுறது ஆம்பளைப் பூச்சி. முட்டை போடுறவ வெளியில இல்ல இருக்கா!"

முதல் பூச்சி விழுந்த நாலாம் நாளே அவசரக்குடுக்கையா ஸ்பிரே அடிச்சேன். இந்தப் புழுவை மட்டும் கொல்ற ஒரு வைரஸ் கலவை அது. புழு அதைத் தின்னாத்தான் சாகும். நான் அடிச்சப்போ புழுவே பொரியலை! வெயில் பட்டு ஒரு வாரத்துல வைரஸ் வீணாப் போச்சு.

கணக்கைப் பெரியவர்தான் சொல்லிக்குடுத்தார். அன்னிக்கு அதிகபட்ச வெப்பம் 76 பாரன்ஹீட், குறைஞ்சது 54ன்னா சராசரி 65. அதுல 50ஐக் கழிச்சா 15. பூச்சி தொடர்ந்து விழ ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இப்படித் தினமும் கூட்டிகிட்டே வந்து 250 தொடும்போது முட்டை பொரிய ஆரம்பிக்கும். அப்போ அடிக்கணும். அப்புறம் வாரம் பத்து நாளைக்கு ஒருதரம். பூச்சிக்குத் தேதி கிடையாது, சூடுதான் காலண்டர்.

கணக்கு புரிஞ்சும் அந்த வருஷம் தோல்விதான். 30 அடி உச்சிக்கு என் ஸ்பிரேயர் எட்டலை. பெரியவரோட வேலியோரப் பொறியில மறுபடி 12.

அந்தக் குளிர்காலத்துல மரத்தைப் பத்தடிக்கு வெட்டினோம். ரம்பம் பிடிச்சது நான், ஏணி பிடிச்சது பெரியவர். ஊஞ்சல் கிளையும் போச்சு. பொண்ணு ரெண்டு நாள் என்கூட பேசலை.

அதுக்கப்புறம் ஜூன்ல துளை விழுந்த காயெல்லாம் பறிச்சு, பைக்குள்ள கட்டிக் குப்பையில போடுவேன். அடிமரத்துல அட்டை சுத்தி வெச்சா, கூடு கட்ட இறங்குற புழு அதுல வந்து ஒளிஞ்சுக்கும். கழட்டி எரிச்சுடலாம். 2016ல வேலியோரப் பொறி 3க்கு இறங்கிச்சு. அன்னிக்குப் பெரியவர் ஒரு கூடைப் பழம் குடுத்தனுப்பினார். என் மரத்துல இன்னமும் பத்துக்கு ஒண்ணுல புழு இருக்கு, அது வேற கதை.

பொண்ணு இப்போ காலேஜ்ல. வீட்டுக்குப் போன் பண்ணா முதல்ல "எத்தனைப்பா?"ன்னு கேப்பா.

இந்த வருஷம் ஏப்ரல் 28ல முதல் பூச்சி. நேத்தோட கூட்டல் 231. ஸ்பிரேயரைக் கழுவி வெயில்ல காய வெச்சிருக்கேன்.