மைனி சொன்ன கதை

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் பல ஆழ்கடலில் கிடந்தன. சுறாவுக்குத் தூண்டில் போடப் போகிறவர்கள் இந்த ஊர் மீனவர்கள். புறப்பட்டால் கரை திரும்பப் பல வாரம் ஆகும். புயல் எச்சரிக்கை அவ்வளவு தூரம் எட்டவில்லை. என் அண்ணன் போன படகு வரவே இல்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தை மறித்த ஆயிரக்கணக்கானவர்களோடு அண்ணன் மனைவியான மைனியும் நானும் உட்கார்ந்திருந்தோம். கடலில் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

அதன்பிறகு மைனி சொல்லிக்கொண்டே இருந்தாள். அதிகாரிகளுக்கு, டிவிக்காரர்களுக்கு, கணக்கெடுக்க வந்தவர்களுக்கு. படகின் பதிவெண், கிளம்பிய துறைமுகம், கடைசியாகப் போன் வந்த நேரம் எல்லாம் மனப்பாடம். கண்ணில் ஒரு பொட்டு நீர் கிடையாது. திடமான பெண் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். வீட்டிலோ குளிப்பதில்லை, உலை வைப்பதில்லை, ராத்திரியெல்லாம் முழித்துக்கொண்டு கிடந்தாள். உடல் கிடைக்காததால் அடக்கம் இல்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பதற்கே யாரிடமும் பதில் இல்லை.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை தந்தார்கள். தூக்கம் வந்தது, பேச்சு வரவில்லை. பிறகு ஒருநாள் அங்கே ஆலோசனை சொல்லும் பெண் கேட்டாள்: “அக்கா, புயல விடுங்க. அண்ணன் எப்படிப்பட்ட ஆளு?”

அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. மைனி வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பிடிவாதம். மூத்தவ கல்யாணக் கடன அடச்சாத்தான் கரையில இருப்பேன்னு போனாவ. போவாண்டாம்னு காலப் பிடிச்சேன். கேட்டாவளா?” என்று கத்தினாள். பிறகுதான் அழுகை வந்தது. திரும்பி வராத புருஷன்மேல் கோபப்படுவது பாவம் என்று அத்தனை நாளும் அதை விழுங்கி வைத்திருக்கிறாள். அடுத்தடுத்துப் போனபோது, மீன்கறியில் புளி பத்தாது என்று தினமும் குறை சொல்கிற அண்ணன் பேச்சில் வந்தார். பதிவெண் மெல்ல மறைந்தது.

அதற்காக மனம்விட்டுப் பேசினால் போதும், மாத்திரை எதற்கு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. துக்கம் நடந்த கையோடு ‘சொல்லு, சொல்லு’ என்று தோண்டுவதும் தப்பு; ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. சுனாமிக்குப் பிறகு சென்னையில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உறவை இழந்தவர்களைத் தொடர்ந்து சந்தித்துவந்ததில் மனச்சோர்வு குறைந்ததை ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பின் லட்சுமி விஜயகுமார் ஆய்வில் காட்டியிருக்கிறார். நம் கடற்கரைக்கும் அப்படி ஆட்கள் வேண்டும்.

மைனி இப்போது மீன் விற்கப் போகிறாள், மாத்திரையும் தொடர்கிறது. உங்கள் தெருவில் கண்ணீரே இல்லாமல் எல்லாவற்றையும் ஒப்பிக்கிற ஒருத்தி இருந்தால் ஆசாரிபள்ளத்துக்குக் கூட்டிப்போங்கள். அது முடியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.