பஸ் ஓடாத எட்டு நாள்

2018 ஜனவரி 4 மாலை, ஊதிய உயர்வு கேட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் திடீர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மறுநாள் அம்மாவுக்கு எழும்பூரில் கண் ஆபரேஷன். வீடோ பெரும்பாக்கத்தில்! ஆட்டோக்காரர் கேட்ட தொகையில் தலை சுற்றியது.

மேடவாக்கத்துக்கு ஒரு ஷேர் ஆட்டோ, தாம்பரத்துக்கு இன்னொன்று. அங்கிருந்து மின்சார ரயில். அந்த நாட்களில் சென்னையைத் தாங்கியது தண்டவாளம்தான். மகளிர் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. பூக்கார அக்கா ஒருவர் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, “இப்படி உட்காருங்கம்மா” என்றார்.

11ஆம் தேதி இரவு வேலைநிறுத்தம் முடிந்தது. மறுநாள் மறுபரிசோதனைக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாப்பில் நின்றோம். தூரத்தில் வந்த பஸ்ஸின் நம்பரை முதலில் படித்துச் சொன்னது அம்மாதான்!